ஸ்டீபன் ரைஸ்: நீதிபதியா, கட்சிக்காரரா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

அயர்லாந்து வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். 1680களில் டப்ளினில் ஸ்டீபன் ரைஸ் என்று ஒரு நீதிபதி. பதவிக்கு வருவதற்கு முன்பே, "நிலத் தீர்வுச் சட்டத்துக்குள் ஆறு குதிரை பூட்டிய கோச்சு வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன்", அதாவது அதன் ஓட்டைகளை வைத்தே அதை ஒன்றுமில்லாமல் ஆக்குகிறேன், என்று சொல்லித் திரிந்தவராம். அப்படிப் பேசியவரையே தலைமை நீதிபதி ஆக்கியிருக்கிறார்கள். பதினேழு வருஷம் கழித்து அதே ஆள் நாடாளுமன்றத்தில் போய் நின்று, "கொடுத்த வாக்கை மீறாதீர்கள்" என்று மன்றாடுகிறார். சந்தர்ப்பவாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா?

பிப்ரவரி 2, இரவு

எனக்கு உண்டு. சந்தர்ப்பவாதி என்றால், கத்தோலிக்கர் தரப்பு தோற்ற 1691க்குப் பிறகு மதம் மாறிப் பிழைத்திருப்பார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சத்தியப்பிரமாணம் போதும். ரைஸ் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்து 1715 பிப்ரவரியில் செத்தார். அவரிடம் குற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நீங்கள் சொல்கிற குற்றம் அவருடையது இல்லை, அவ்வளவுதான். மீதி நாளை.

பிப்ரவரி 3

கதை நிலத்தில் ஆரம்பிக்கிறது. அதை விட்டுவிட்டு ரைஸைப் பேசினால் ஒன்றும் புரியாது.

1641இல் அயர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. அந்த வருஷம் கலகம் வெடித்தது. 1649இல் கிராம்வெல் படையோடு வந்தார். சண்டை ஓய்ந்ததும் தோற்றவர்களின் நிலத்தைப் பிடுங்கி, படைக்குப் பணம் கொடுத்தவர்களுக்கும் சம்பள பாக்கி நின்ற சிப்பாய்களுக்கும் பங்கு போட்டார்கள். 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினார். ராஜா வந்துவிட்டார், நிலமும் வந்துவிடும் என்று கத்தோலிக்கர் காத்திருந்தார்கள். 1662இல் வந்ததுதான் அந்த நிலத் தீர்வுச் சட்டம். கலகத்தில் சேராத "நிரபராதிகள்" மனுப் போட்டு நிரூபித்தால் நிலத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. அதற்கென ஒரு தனி நீதிமன்றம் 1663இல் உட்கார்ந்து, சில நூறு பேரின் மனுவைக் கேட்டுவிட்டு, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போதே கதவைச் சாத்திவிட்டது. 1665இல் இன்னொரு சட்டம் போட்டு, விசாரிக்கப்படாதவர்களின் வாசலை ஒரேயடியாக அடைத்தார்கள். 1688 வாக்கில் கத்தோலிக்கர் கையில் மிஞ்சியது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

ரைஸ் 1637இல் கெர்ரியில் பிறந்தவர். பிடுங்கியதையும் பார்த்தார், வாசல் அடைத்ததையும் பார்த்தார். படித்தது சட்டம், நல்ல வருமானம் வந்தது வரித்துறை வழக்குகளில். அப்படிப்பட்டவர் வாயில் அந்தக் கோச்சு வண்டிப் பேச்சு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பிப்ரவரி 3, பிற்பகல்

"நீதிபதி எப்படி ஒரு சட்டத்துக்குள் வண்டி ஓட்டுவார்? நாடாளுமன்றம்தானே ரத்து செய்ய முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

1666க்குப் பிறகு அயர்லாந்தில் நாடாளுமன்றமே கூடவில்லை. கூட்டினாலும் நகராட்சிகள்தான் பெரும்பாலான உறுப்பினர்களை அனுப்பும், நகராட்சிகள் புராட்டஸ்டன்ட் கையில். ஆக வழி இரண்டு. ஒன்று, சட்டத்தைத் தொடாமல், தனித்தனிப் பட்டாவில் இருக்கும் ஓட்டைகளை வைத்து வழக்குக்கு வழக்கு நிலத்தை மீட்பது. இன்னொன்று, நகராட்சிகளின் சாசனத்தைச் செல்லாததாக்கி, புதுச் சாசனம் கொடுத்து, புது ஆட்களை உட்காரவைத்து, அப்புறம் நாடாளுமன்றத்தைக் கூட்டிச் சட்டத்தையே எடுத்துவிடுவது. இரண்டு வழியும் ஒரே கட்டடத்துக்குள் போகின்றன. கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தை ஒட்டி நெருக்கடியாக இருந்த அந்தக் கால நான்கு நீதிமன்றங்கள். அதில் ஒன்று எக்செக்கர், அதாவது அரசின் வருவாய் நீதிமன்றம்.

1685இல் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் ராஜா ஆனார். 1686இல் ரைஸ் எக்செக்கர் நீதிபதி. அரசரே திருச்சபைக்குத் தலைவர் என்று சத்தியம் செய்யாமலே பதவி ஏற்கலாம் என்று தனி விலக்கு வாங்கிக் கொடுத்தார்கள். 1687 ஏப்ரலில் தலைமை நீதிபதி, கூடவே சர் பட்டம். அங்கே நீதிபதியை "பாரன்" என்பார்கள், பிரபுப் பட்டத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கில் மூன்று நீதிமன்றங்களில் இரண்டு கத்தோலிக்கர், ஒரு புராட்டஸ்டன்ட் என்று கணக்காக நிரப்பினார் ஆளுநர் டிர்கானல்.

எக்செக்கரில் கூட்டம் அலைமோதியது. மற்ற நீதிமன்றங்களின் தீர்ப்பை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிழை காட்டலாம், இதிலிருந்து அப்படிக் கொண்டுபோக முடியாது என்று எதிர்த்தரப்பே காரணமும் எழுதி வைத்திருக்கிறது. வக்கீல்களுக்கு மூக்கு வியர்க்காதா?

பிப்ரவரி 4

இளமையில் ரைஸ் சூதாடி என்று எதிரிகள் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் தெரியாதவர் என்று ஒருவரும் எழுதவில்லை. அவரோடு நியமிக்கப்பட்ட தாமஸ் நூஜென்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. டிர்கானலுக்கு முன் ஆளுநராக இருந்த கிளாரண்டன் நூஜென்டைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: நல்ல குடும்பம், சட்டம் தெரியாது, ஆகவே படிப்பால் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார்.

இந்த வரியை எங்கள் பழைய அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 6

இப்போது ரைஸ்மீது எனக்கு உள்ள உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

நகராட்சிகள்மீது "எந்த அதிகாரத்தில் நடத்துகிறாய், காட்டு" என்று அரசு வழக்குப் போட்டது. அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் நேகிள். பெரிய மீன் டப்ளின். டப்ளின் தரப்பு தன் சாசனங்களை வரிசையாகக் காட்டிப் பதில் தாக்கல் செய்தது. அதில் ஒரு சாசனத்தின் தேதியைக் குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டார். தீர்ப்புக்கு முன்பே திருத்த அனுமதி கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள் என்கிறார் வில்லியம் கிங். சாசனம் போயிற்று.

நான் ஒரு சார்பு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுத்துப் பிழை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சர்வே எண்ணில் உட்பிரிவு எழுத்து ஒன்று விட்டுப்போய், டிக்ரி பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. வயலுக்குச் சொந்தக்காரப் பெரியவர் மஞ்சள் பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு வராந்தாத் தூணோரம் உட்கார்ந்திருப்பார். கடைசியில் திருத்த மனு நீதிபதி முன் போனது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொல்லப் பார்த்தார். "பிழை யாருடையது?" என்று கேட்டார் நீதிபதி. "அலுவலகத்துடையது." "அப்போ உட்காருங்கள்." முடிந்தது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் டிக்ரியில் வந்த எழுத்துப் பிழைக்கு 152ஆம் பிரிவு இருக்கிறது, வழக்குரையைத் திருத்த ஆணை 6 விதி 17 இருக்கிறது. அவை இல்லாத காலத்திலும் தேதிப் பிழையைத் திருத்தவிட நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. ரைஸ் அதைப் பயன்படுத்தவில்லை. முடிவு முன்பே தெரிந்த வழக்கில் குமாஸ்தாவின் பேனா வசதியாகக் கிடைத்த சாக்கு.

நிலத்துக்காக அவர் செய்ததை நான் புரிந்துகொள்கிறேன். இதை அல்ல.

பிப்ரவரி 6, இரவு

"கிங் சொல்வதை அப்படியே நம்புகிறீர்களா?" சரி, பேசிவிடுவோம்.

வில்லியம் கிங் டப்ளின் பாதிரியார். 1689இல் ஜேம்ஸ் அரசு அவரைப் பிடித்து டப்ளின் கோட்டையில் அடைத்தது. 1691இல், ஜேம்ஸ் ஆட்சியில் புராட்டஸ்டன்டுகள் பட்ட பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த வருஷமே டெரி பிஷப், பிறகு டப்ளின் ஆர்ச்பிஷப். அடுத்த வருஷமே சார்லஸ் லெஸ்லி மறுப்பு எழுதினார். லெஸ்லியும் புராட்டஸ்டன்ட் பாதிரியார்தான் என்பதைக் கவனியுங்கள். ஆக கிங் நடுநிலைச் சாட்சி இல்லை. கோச்சு வண்டிப் பேச்சுக்கும் அவர்தான் முக்கியச் சாட்சி.

ஆனால் அதே கிங், அந்தக் கூட்டத்திலேயே நல்ல புத்திசாலி ரைஸ்தான், சட்டமும் போதிய அளவு தெரிந்தவர் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சில் புராட்டஸ்டன்டுகள்மீது தீராத பகை கொண்டவர் என்கிறார். எதிரி கொடுக்கிற இந்த அரைச் சான்றிதழுக்கு நான் மதிப்பு கொடுப்பேன். முழுப் பொய்க்காரன் முதல் பாதியை எழுதமாட்டான்.

மறுதரப்பு ஆவணம் ஏன் கைக்கு எட்டுவதில்லை என்றால், எரித்துவிட்டார்கள். 1689இல் டப்ளினில் கூடிய ஜேம்ஸின் நாடாளுமன்றப் பதிவேடுகளைப் பகிரங்கமாக எரிக்க 1695இல் சட்டமே போட்டார்கள். மிஞ்சிய பழைய நீதிமன்றப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர்ச் சண்டையில், டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து போனது. அந்தக் காப்பகம் இருந்தது இன்றைய நான்கு நீதிமன்ற வளாகத்தில். 1689 நாடாளுமன்றம் கூடியதும் அதே இடத்தில் முன்பு இருந்த கிங்ஸ் இன்ஸ் கட்டடத்தில்தான்.

நகல் பிரிவுக்காரனுக்கு இதைப் படிக்கவே வயிறு எரிகிறது.

பிப்ரவரி 7

கொஞ்சம் சிரிக்கலாம். 1688இல் ரைஸையும் நூஜென்டையும் டிர்கானல் லண்டனுக்கு அனுப்பினார், நிலச் சட்டத்தை ரத்து செய்ய ராஜாவின் சம்மதம் வாங்கி வர. செய்தி கசிந்தது. லண்டன் சில்லறைப் பையன்கள் கம்பு நுனியில் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டு, "அயர்லாந்துத் தூதர்களுக்கு வழி விடுங்கள்!" என்று கூவியபடி அவர்கள் வண்டியோடு ஓடினார்கள். சட்டத்துக்குள் கோச்சு ஓட்டுவேன் என்றவருக்குக் கிடைத்த ஊர்வலம் இது.

இந்தக் காட்சியைப் பரப்பியவர் நமக்கும் தெரிந்தவர், மெக்காலே. 1834 ஜூனில் சென்னையில் கப்பலைவிட்டு இறங்கி, பல்லக்கில் ஊட்டிக்குப் போனாரே, அவரேதான். இங்கிலாந்து வரலாற்றை எழுதியபோது ரைஸையும் நூஜென்டையும் விட்டுவைக்கவில்லை.

பிப்ரவரி 7, கொஞ்சம் கழித்து

ஊட்டிக்கு ஏன் போனார் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அங்கே இருந்தார், அதற்காக. மெக்காலே பற்றித் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

பிப்ரவரி 9

1689 ஜனவரி. இங்கிலாந்தில் ஜேம்ஸின் புராட்டஸ்டன்ட் மருமகன் வில்லியம் வந்துவிட்டார், ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிவிட்டார். டிர்கானல் இருவரைப் பாரிசுக்கு அனுப்புகிறார். ஒருவர் மவுன்ட்ஜாய் பிரபு, புராட்டஸ்டன்ட், வடக்கில் செல்வாக்குள்ளவர். மற்றவர் ரைஸ். வெளியே சொன்ன காரணம், "எதிர்ப்பதில் பயனில்லை, அயர்லாந்தை விட்டுக்கொடுக்கச் சம்மதியுங்கள்" என்று ஜேம்ஸிடம் எடுத்துச் சொல்வது. ரைஸுக்குத் தனியாகக் கொடுத்த உத்தரவு நேர்மாறானது. மவுன்ட்ஜாயை நம்பாதீர்கள், நீங்களே புறப்பட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். மவுன்ட்ஜாய் பாரிஸ் சேர்ந்ததும் பாஸ்டில் சிறைக்குப் போனார். 1692 வரை உள்ளேதான். வெளியே வந்ததும் வில்லியம் பக்கம் சேர்ந்து அந்த வருஷமே ஸ்டீன்கெர்க் சண்டையில் செத்தார்.

கேள்வி கேட்டவர் ரைஸைத் திட்ட வேண்டுமானால் இதற்குத் திட்டலாம். கூட வருகிறவன் சிறைக்குப் போகிறான் என்று தெரிந்தே ஒரே கப்பலில் போவதற்கு ஒரு கல்மனம் வேண்டும். பதவியிலிருக்கும் நீதிபதி செய்கிற வேலையா இது? 1689 மார்ச்சில் ஜேம்ஸ் கின்சேலில் இறங்கினார். ரைஸும் ஊர் திரும்பினார்.

பிப்ரவரி 10

கருவூல ஆணையர்களில் ரைஸும் ஒருவர். பணம் இல்லை. பழைய பீரங்கி, மணி, சட்டி பானை எல்லாவற்றையும் உருக்கிக் காசு அடித்தார்கள். துப்பாக்கிக் காசு என்று பெயர். மகன் டப்ளினில் இருப்பதால் அங்கே அருங்காட்சியகத்தில் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். அரை கிரவுன். நடுவில் கிரீடம், அதன் பின்னால் குறுக்காக இரண்டு செங்கோல், மேலே ரோமன் எண்ணில் முப்பது, அதாவது முப்பது பென்னி. கீழே மாதத்தின் பெயர். காசில் மாதம் போட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஜெயித்த பிறகு மாதவாரியாக வெள்ளியாக மாற்றித் தருகிறோம் என்று பேச்சு. 1690இல் பாய்ன் நதியில் ஜேம்ஸ் தோற்றார். வில்லியம் அரசு அந்த முப்பது பென்னிக் காசை ஒரு பென்னிக்கு இறக்கிவிட்டது.

இடையில் 1689இல் நாடாளுமன்றம் கூடி நிலத் தீர்வுச் சட்டத்தை ரத்தும் செய்தது. கீழவையில் ஏறக்குறைய 230 பேர், அதில் புராட்டஸ்டன்ட் ஆறு பேர். நகராட்சிச் சாசனங்களை ரைஸ் முறித்ததன் பலன் இது. ஒன்றிரண்டு வருஷத்தில் அந்த ரத்தும் செல்லாமல் போனது. பொது வழக்கு நீதிமன்றத் தலைமை நீதிபதி கீட்டிங், புராட்டஸ்டன்ட், ரத்து வேண்டாம் என்று ஜேம்ஸிடமே எழுதிக்கொடுத்தவர். 1691இல் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு ஒரு தனி இழை தகும்.

பிப்ரவரி 12

லிமெரிக். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1691 அக்டோபர் 3 அன்று ஜேம்ஸ் தரப்புப் படை லிமெரிக் நகரில் சரணடைந்த ஒப்பந்தத்தில், நகரத்தில் இருந்தவர்கள், படையினர் ஆகியோரின் நிலம் இரண்டாம் சார்லஸ் காலத்தில் இருந்தபடி அவர்களுக்கே என்று ஒரு பிரிவு. வரைவில் இன்னொரு வரியும் இருந்தது. படையின் பாதுகாப்பில் இருந்த கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், மக்களுக்கும் அது பொருந்தும் என்று. லிமெரிக், கிளேர், கெர்ரி, கார்க், மேயோ. செப்பமாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரதியில் அந்த வரியைக் காணோம். நகல் எடுத்தவர் விட்டுவிட்டார். கண்டுபிடித்தார்கள், வாதாடினார்கள், 1692இல் வில்லியமே தவறு என்று ஏற்று வரியைத் திரும்பச் சேர்த்து உறுதி செய்தார். 1697இல் டப்ளின் நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை அங்கீகரித்தபோது அந்த வரியை மறுபடி எடுத்துவிட்டது. ராஜாவே திருத்திய எழுத்துப் பிழையைச் சட்டமாக்கினார்கள்.

1687இல் ஒரு குமாஸ்தாவின் தேதிப் பிழையைத் திருத்த மாட்டேன் என்றார் ரைஸ். பத்து வருஷத்தில் அவர் சொந்த கெர்ரிக்காரர்கள் இன்னொரு குமாஸ்தாவின் பிழையில் மாட்டினார்கள். ரைஸ் தனிப்பட்ட முறையில் தப்பினார். ஒப்பந்தத்துக்குள் அடங்குபவர் என்று தீர்ப்பாகி நிலம் அவரிடமே இருந்தது.

பிப்ரவரி 13

1704 பிப்ரவரி 22. கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 வருஷத்துக்கு மேல் குத்தகை கூடாது, அப்பா செத்தால் எல்லா மகன்களுக்கும் சமமாகத் துண்டு போட வேண்டும், மூத்தவன் ஆங்கிலிகன் சபைக்கு மாறினால் மட்டும் முழு நிலமும் அவனுக்கு. இப்படி ஒரு மசோதா. எதிர்த்துப் பேச டப்ளின் கீழவையின் முன் மூவர் வந்தார்கள். டோபி பட்லரும் மலோனும் வக்கீல் அங்கியோடு. ரைஸ் அங்கி இல்லாமல்.

அந்த அங்கி இல்லாததில்தான் எனக்கு முழு மனிதரும் தெரிகிறார். அவர் வந்தது வக்கீலாக அல்ல, பாதிக்கப்படும் ஒரு மனுதாரராக. அறுபது கடந்த முன்னாள் தலைமை நீதிபதி, சபையின் தடுப்புக்கு வெளியே மற்ற மனுதாரர்களோடு நிற்கிறார். லிமெரிக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு என்பதுதான் வாதம். ஆறு நாள் கழித்து மேலவையிலும் அதே வாதம். அவர்களுக்குக் கிடைத்த பதில், உங்கள் உரிமை பறிபோனால் அது உங்கள் குற்றமே, மதம் மாறினால் எல்லாம் இருக்குமே என்பது. மார்ச் மாதமே சட்டமாகிவிட்டது.

பிப்ரவரி 13, இரவு

டோபி பட்லரைப் பற்றி ஒரு கதை உண்டு, உண்மைக்கு நான் பொறுப்பில்லை. குடிக்காமல் வழக்கு நடத்த வேண்டும் என்று கட்சிக்காரர் சத்தியம் வாங்கினாராம். வென்று வந்தபின் "குடித்தீர்களா?" என்று கேட்டால், "ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, தின்றேன்." ரொட்டியைத் திராட்சை மதுவில் ஊறப்போட்டுத் தின்றிருக்கிறார்.

ஒப்பந்த வாசகத்தை வரைந்தவர்களில் இவரும் ஒருவர். பொருத்தமான ஆள்தான்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவர், "அப்படியானால் உங்கள் தீர்ப்பு என்ன?" என்கிறார்.

1687இல் எழுத்து அவர் பக்கம் இருந்தது, அதை வைத்து அடித்தார். 1704இல் எழுத்து ஒன்றுதான் கையில் மிச்சம், அதை வைத்துத் தடுக்கப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே வக்கீல். ஆகவே சந்தர்ப்பவாதி என்பதை ஏற்கமாட்டேன். நீதிபதியாக இருந்த காலத்திலும் அவர் வக்கீலாகவே இருந்தார் என்பதுதான் என் புகார். டப்ளின் சாசன வழக்கிலும் மவுன்ட்ஜாய் விஷயத்திலும் மன்னிப்பு கிடையாது. இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று மட்டும் இளகியிருக்கிறது. நடுநிலை நீதிபதி என்று ஒருவர் அந்த டப்ளினில் இருந்திருக்க முடியுமா? இருந்தவர் கீட்டிங். அவர் முடிவை மேலே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 16

"வாரிசு?" என்று கேட்டவருக்கு. மூத்த மகன் எட்வர்ட் ஆங்கிலிகன் சபைக்கு மாறி நிலம் துண்டுபடாமல் காப்பாற்றிக்கொண்டார். அப்பா எதிர்த்துப் பேசிய அதே பிரிவின்படிதான். அந்த வம்சத்தில் வந்தவர் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ், 1835 முதல் 1839 வரை லண்டனில் நிதியமைச்சர், பிறகு மான்டீகிள் பிரபு. மெக்காலேயும் அவரும் ஒரே விக் கட்சி. 1848இல் மெக்காலேயின் வரலாறு, உருளைக்கிழங்குக் காட்சியோடு, அச்சில் வந்தபோது மான்டீகிள் பிரபு திடமாகத்தான் இருந்தார்.